ஆறாகச் சேமிப்பு, ஒன்றாகச் செயல்: பன்றி இன்சுலினின் பளிங்குக் கட்டமைப்பும் தொழிற்பாடும்

(கொட்டாஞ்சேனையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். அச்சுக்காகச் சுருக்கப்பட்டுள்ளது.)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த அன்பர்கள் சிலர், கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற இந்த இடத்தில் பன்றியைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா என்று அக்கறையோடு கேட்டார்கள். இங்கேதான் பேசவேண்டும் என்பது என் எண்ணம். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நாடு தழுவிய ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நகரங்களில் நிலைமை இதைவிடக் கடுமை. சீனி வருத்தம் இல்லாத குடும்பம் இந்த வட்டாரத்தில் எத்தனை என்பதை உங்கள் உறவினரை எண்ணிப் பார்த்தே நீங்கள் சொல்லிவிடலாம். நீரிழிவு உள்ளவர்களில் பலர் நாள்தோறும் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற அறிவின் பெரும்பகுதி பன்றியின் சதையியிலிருந்து பிரித்தெடுத்த இன்சுலினால்தான் கிடைத்தது.

நான் நிறுவ வந்த கருத்து ஒன்றே ஒன்று. இன்சுலின் சேமிக்கப்படும் உருவம் வேறு, செயற்படும் உருவம் வேறு. ஆறு மூலக்கூறுகள் நாகத்தோடு சேர்ந்து ஒரு கட்டாக இருப்பது சேமிப்பு. அதிலிருந்து ஒன்று தனியே பிரிந்து, தன் வடிவத்தையும் சற்று மாற்றிக்கொண்டு கலத்தைப் பற்றுவது செயல். 1969 இல் பன்றி இன்சுலினின் பளிங்குக் கட்டமைப்பு வெளியானபோது விஞ்ஞானிகள் கண்டது முதலாவது உருவத்தை. இரண்டாவதைக் காண மேலும் 44 ஆண்டுகள் ஆயின. ஊசி போட்டபின் எவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிடவேண்டும் என்பதிலிருந்து, குப்பியை எப்படி வைத்திருக்கவேண்டும் என்பது வரை, எல்லாம் இந்த இரண்டு உருவங்களுக்கும் இடைப்பட்ட வழியிலேயே தங்கியிருக்கின்றன.

1. பன்றிக்கும் நமக்கும் ஓர் இடமே வேறுபாடு

1922 சனவரியில் கனடாவின் ரொறன்ரோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தொம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. 11 ஆம் திகதி போட்ட ஊசி அழுக்கு நிறைந்த சாறு; பெரிதாகப் பயன் தரவில்லை. ஜேம்ஸ் கொலிப் என்ற உயிரிரசாயனவியலாளர் அதைத் தூய்மையாக்கிக் கொடுத்த பிறகு, 23 ஆம் திகதி தொடங்கிய ஊசிகள் அவனைப் பிழைக்க வைத்தன. இன்சுலினைக் கண்டறிந்த குழுவின் பான்டிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் தங்கள் ஆக்கவுரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். இன்றைய இன்சுலின் விலைகளைப் பார்க்கும்போது இந்த ஒரு டொலரை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்ளவேண்டும்.

அதன்பின் ஏறக்குறைய 60 ஆண்டுகள் உலகத்தின் இன்சுலின் இறைச்சிக்கூடங்களிலிருந்தே வந்தது. மாட்டின் சதையியும் பன்றியின் சதையியும்தான் மூலப்பொருள். 8 அவுன்ஸ் தூய இன்சுலின் பெற ஏறத்தாழ இரண்டு தொன் பன்றிச் சதையி தேவைப்பட்டது.

வேறொரு விலங்கின் புரதம் நம் உடலில் எப்படி வேலை செய்கிறது? விடை கேம்பிரிட்ஜில் பிரெட்ரிக் சாங்கரின் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1950களின் முற்பாதியில் அவர் மாட்டு இன்சுலினின் அமினோ அமில வரிசையை முழுமையாகக் கண்டார். ஒரு புரதத்தின் வரிசை முற்றாக அறியப்பட்டது அதுவே முதல் முறை. இன்சுலினில் இரண்டு சங்கிலிகள் உண்டு. ஏ சங்கிலியில் 21, பீ சங்கிலியில் 30, மொத்தம் 51 அமினோ அமிலங்கள். இரண்டையும் கந்தகப் பாலங்கள் இரண்டு பிணைக்கின்றன. மூன்றாவது பாலம் ஏ சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது. மாட்டு இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து மூன்று இடங்களில் வேறுபடுகிறது. பன்றி இன்சுலின் வேறுபடுவது ஒரே ஓர் இடத்தில், பீ சங்கிலியின் கடைசியான 30 ஆம் இடத்தில். நமக்கு அங்கே திரியோனின், பன்றிக்கு அலனின். 51 இல் 50 ஒன்று. அந்தக் கடைசி இடத்தை மனத்தில் வைத்திருங்கள். நான்காவது பகுதியில் அது தேவைப்படும்.

2. 34 ஆண்டு எடுத்த ஒரு படம்

வரிசை தெரிந்தால் வடிவம் தெரிந்துவிடாது. வடிவத்தைக் காணப் பளிங்கு வேண்டும், எக்ஸ் கதிர் வேண்டும், அளவில்லாத பொறுமையும் வேண்டும்.

இன்சுலினை முதலில் பளிங்காக்கியவர் அமெரிக்கரான ஜோன் ஜேக்கப் ஏபல், ஆண்டு 1926. சில வேளைகளில் பளிங்கு விளைந்தது, சில வேளைகளில் விளையவில்லை. காரணம் நாகம் என்று 1934 இல் ரொறன்ரோவில் ஸ்கொட் என்பவர் காட்டினார். சிறிது நாகம் சேர்ந்தால் பளிங்கு ஒழுங்காக வளரும். அடுத்த ஆண்டு ஒக்ஸ்போர்ட்டில், அப்போது 25 வயதுகூட நிரம்பாத டொரதி குரோபுட் என்ற பெண், இன்சுலின் பளிங்கை வளர்த்து எக்ஸ் கதிரின் முன் வைத்தார். புகைப்படத் தகட்டில் ஒழுங்கான புள்ளிகள் விழுந்திருந்தன. அன்றிரவு மகிழ்ச்சி தாங்காமல் ஒக்ஸ்போர்ட் தெருக்களில் அவர் அலைந்து திரிந்தார் என்று அவரது வாழ்க்கையை எழுதியோர் சொல்கிறார்கள். அவரே பின்னர் டொரதி ஹொட்ஜ்கின். கைவிரல் மூட்டுகளை முடக்கும் வாத நோய் அவருக்கு அந்த இளம் வயதிலேயே தொடங்கியிருந்தது. நுண்ணிய பளிங்குகளைத் தூக்கி ஏற்றும் வேலையை அந்த விரல்களாலேயே செய்தார்.

புள்ளிகள் இருந்தும் வடிவம் ஏன் உடனே கிடைக்கவில்லை? ஒவ்வொரு புள்ளியும் கதிரின் வலிமையை மட்டுமே பதிகிறது. அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்ற பாதித் தகவல் தகட்டில் விழுவதில்லை. அதை மீட்க, பளிங்கின் அமைப்பைக் கலைக்காமல் ஈயம், பாதரசம் போன்ற கனமான அணுக்களை உள்ளே நுழைத்து, நுழையாத பளிங்கோடு ஒப்பிடவேண்டும். இன்சுலின் அதற்கு எளிதில் இசையவில்லை. பெனிசிலின், விற்றமின் பீ12 ஆகியவற்றின் கட்டமைப்பை இடைக்காலத்தில் தீர்த்து, 1964 இல் நோபல் பரிசும் பெற்ற ஹொட்ஜ்கின், இன்சுலினையும் கைவிடவில்லை.

1969 இல் கட்டமைப்பு வெளியாயிற்று. பளிங்கு வளர்ந்தது பன்றி இன்சுலினில், பிரிதிறன் 2.8 அங்ஸ்ட்ரொம். ஓர் அங்ஸ்ட்ரொம் என்பது சென்ரிமீற்றரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரையில் பத்துப் பெயர்கள் இருக்கின்றன. மார்கரெட் அடம்ஸ், டொம் பிளண்டெல், எலினர் டொட்சன், கை டொட்சன் என்ற வரிசையில் ஐந்தாவது பெயர் விஜயன். மாமண்ணமன விஜயன் திருச்சூர் மாவட்டத்துச் சேர்ப்பைச் சேர்ந்தவர். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் பயின்று ஒக்ஸ்போர்ட் போனவர். 1971 இல் பெங்களூர் திரும்பி, இந்தியாவில் புரதப் பளிங்கியலை நிலைநாட்டினார். 2022 இல் காலமானார். நம் பாடநூல்கள் ஹொட்ஜ்கினைச் சொல்லும் பக்கத்திலேயே அவரையும் சொல்லவேண்டும்.

இன்னொரு பெயரும் நமக்கு உரியது. ஒரு புரதக் கட்டமைப்பு சரியா பிழையா என்று உலகமெங்கும் இன்றும் சோதிக்கும் வரைபடத்தை 1963 இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். இராமச்சந்திரனும் அவர் கூட்டாளிகளான இராமகிருஷ்ணனும் சசிசேகரனும். பன்றி இன்சுலினும் அந்தச் சோதனைக்கு உட்பட்டதுதான்.

ஒக்ஸ்போர்ட் குழு 1971 இல் 1.9 அங்ஸ்ட்ரொமுக்கு முன்னேறியது. அதே காலத்தில், வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்திருந்த பீஜிங்கில் சீன விஞ்ஞானிகள் தனியாகவே அதே பளிங்கைத் தீர்த்தார்கள். இரண்டு படங்களும் ஒத்துப்போயின. ஹொட்ஜ்கின் நேரில் சென்று பார்த்து, அவர்கள் வேலையின் தரத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 1988 இல் 1.5 அங்ஸ்ட்ரொம் வரை துல்லியமான விரிவான அறிக்கை வந்தது.

3. பளிங்குக்குள் இருந்தது

ஏ சங்கிலி இரண்டு சிறு சுருள்களாக மடிந்திருக்கிறது. பீ சங்கிலியின் நடுவில், 9 ஆம் இடம் முதல் 19 ஆம் இடம் வரை, ஒரு நீண்ட சுருள். அதைத் தாண்டியதும் சங்கிலி திரும்பி, 24 ஆம் இடத்திலிருந்து நீண்ட பட்டையாக ஏ சங்கிலியின் மேல் படிகிறது.

இப்படியான இரண்டு மூலக்கூறுகள் தம் பட்டைகளைப் பக்கம்பக்கமாக ஒட்டிக்கொண்டு ஒரு சோடி ஆகின்றன. மூன்று சோடிகள் ஓர் அச்சைச் சுற்றி நின்று ஆறு ஆகின்றன. அந்த அச்சில் மேலும் கீழுமாக இரண்டு நாக அயன்கள். ஒவ்வொரு நாகத்தையும் மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கின்றன. மூன்றும் பீ சங்கிலியின் 10 ஆம் இடத்தைச் சேர்ந்தவை. நாகம் ஏன் தேவை என்ற 1934 ஆம் ஆண்டுக் கேள்விக்கு விடை அங்கே கண்ணுக்குத் தெரிந்தது.

இது ஆய்வுகூடத்தில் மட்டும் நிகழ்வதன்று. நம் சதையியின் பீற்றா கலங்கள் இன்சுலினை நுண்ணிய பைகளுக்குள் இதே ஆறு கட்டாக, நாகத்தோடு, பளிங்காகவே அடுக்கி வைக்கின்றன. பைக்குள் அமிலத்தன்மை உண்டு, நாகம் நிறைய உண்டு. சாப்பிட்டபின் பை குருதியில் திறந்ததும் அமிலத்தன்மை போகிறது, கரைசல் ஐதாகிறது, கட்டு கணப்பொழுதில் அவிழ்கிறது. தனி மூலக்கூறு குருதியில் நின்றுபிடிப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் அது தசைக் கலத்தையும் கொழுப்புக் கலத்தையும் பற்றி, குளுக்கோசை உள்ளே எடுக்கும் புரதங்களை மேற்பரப்புக்கு வரவழைக்கிறது. ஈரல் குளுக்கோசை வெளிவிடுவதையும் அடக்குகிறது.

4. பளிங்கில் கண்டதே வேலை செய்யும் உருவமா?

பளிங்கில் தெரிந்த வடிவமே, கலத்தின் மேற்பரப்பில் இன்சுலினைப் பிடிக்கும் புரதமான வாங்கியைப் பற்றும் வடிவம் என்று எண்ணுவது இயல்பு. அப்படி இல்லை என்பதைப் பல சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டின. இந்த உரையின் மையப்பகுதி இதுவே என்பதால் மாணவர்கள் சற்று நிதானமாகக் கேட்கவேண்டும்.

முதலாவது சான்று கினிப்பன்றி. அதன் இன்சுலினில் பீ சங்கிலியின் 10 ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் கிடையாது. நாகத்தைப் பிடிக்க வழியில்லை. ஆறாகச் சேரவும் முடியாது. ஆனாலும் கினிப்பன்றி உயிர்வாழ்கிறது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஆறு கட்டு செயலுக்கு அவசியமான ஒன்றல்ல.

இரண்டாவது சான்று பீ சங்கிலியின் வாலை வெட்டிப் பார்த்த சோதனைகள். 30 ஆம் இடத்தை நீக்கினால் இன்சுலின் முழு வலிமையோடு வேலை செய்கிறது. பன்றி நம்மிடமிருந்து வேறுபடுவது அந்த இடத்தில்தான் என்பதை நினைவுகூருங்கள். பன்றி இன்சுலின் மனிதருக்கு இவ்வளவு காலம் கைகொடுத்ததன் காரணம் இது. கடைசி ஐந்தையும் தக்கபடி நீக்கினாலும் செயல் பெரிதும் நிலைக்கிறது. கடைசி எட்டை நீக்கினாலோ ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சுவதில்லை. 24, 25 ஆம் இடங்களில் இருக்கும் இரண்டு பெனைல்அலனின்கள் அந்த எட்டில் அடங்குகின்றன.

மூன்றாவதே மிக வலியது. பீ சங்கிலியின் 29 ஆம் இடத்தை ஏ சங்கிலியின் முதலிடத்தோடு நேரடியாகப் பிணைத்து, ஒற்றைச் சங்கிலி இன்சுலின் ஒன்றைச் செய்தார்கள். 1991 இல் அதன் பளிங்கைப் பார்த்தபோது வடிவம் இயற்கை இன்சுலினை அப்படியே ஒத்திருந்தது. ஆனால் அதற்குச் செயல் துளியும் இல்லை. ஒரே வடிவம், ஒன்று வேலை செய்கிறது, மற்றது செய்யவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு, ஒன்றின் வால் அசையலாம், மற்றதன் வால் கட்டுண்டிருக்கிறது என்பது மட்டுமே. அப்படியானால் வாங்கியை அடையும்போது அந்த வால் விலகியே ஆகவேண்டும்.

2013 இல் மெல்பேர்ணில் மைக்கேல் லோரன்ஸ் முதலானோர், இன்சுலின் தன் வாங்கியின் முதன்மைப் பிடியில் இருக்கும் நிலையை நேரில் காட்டினார்கள். பீ சங்கிலியின் பட்டை, புத்தகத்தின் அட்டை திறப்பதுபோல, சுருளை விட்டு விலகியிருந்தது. அதன் அடியில் மறைந்திருந்த ஏ சங்கிலியின் தொடக்கப் பகுதி வெளியே வந்து வாங்கியைத் தொட்டது. பளிங்கில் சோடி சேர்வதற்குப் பயன்பட்ட அதே பட்டைதான் இங்கே வாங்கியோடு சேர்கிறது. சோடியாக இருக்கும்வரை அது வாங்கிக்குக் கிடைக்காது. தனித்தால்தான் செயல்.

பன்றி இன்சுலின் பளிங்கு தவறான படத்தைக் கொடுத்ததாக யாரும் கொள்ளவேண்டாம். அது சேமிப்பின் படத்தை மிகச் சரியாகக் கொடுத்தது. அந்தப் படம் கையில் இல்லாமல் எந்த வால் விலகுகிறது என்ற கேள்வியைக் கேட்கவே வழி இருந்திராது.

5. உங்கள் வீட்டுக் குப்பியில்

இனி வீட்டுக்கு வருவோம். கிளினிக்கில் கொடுக்கும் தெளிந்த இன்சுலின் குப்பியில் இருப்பது பெரும்பாலும் ஆறு கட்டுகள். தோலின் கீழ் போட்டதும் அவை ஐதாகி, இரண்டாகி, பின்னர் ஒன்றாகின்றன. சிறியவைதான் குருதிக் குழாய்ச் சுவரை எளிதில் கடக்கின்றன. இதற்கு நேரம் வேண்டும். ஆகவேதான் சாப்பாட்டுக்கு ஏறத்தாழ அரை மணித்தியாலம் முன்பு போடச் சொல்கிறார்கள். ஊசியைப் போட்டவுடனேயே சோற்றுக்கு உட்கார்ந்தால், சோற்றின் சர்க்கரை முதலில் வந்துவிடும், கட்டு பிறகுதான் அவிழும்.

குப்பியைத் திறந்தால் ஒரு மணம் வருமே, ஆஸ்பத்திரி மணம் என்று வீட்டில் சொல்வது, அது பீனோல் அல்லது மெற்றாகிரிசோல். கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கிறார்கள். அந்தப் பீனோல் ஆறு கட்டின் உள்ளே இருக்கும் குழிகளில் போய் அமர்ந்து, கட்டை இன்னும் உறுதியாக்குகிறது என்பதை 1989 இல் பளிங்கியல் காட்டியது. தனி மூலக்கூறுகள் வெப்பத்திலும் குலுக்கலிலும் ஒன்றோடொன்று பின்னி நாராகிக் கெட்டுவிடும். ஆறாக இருந்தால் தாக்குப்பிடிக்கும். நாகமும் பீனோலும் குப்பிக்குள் காவல்.

பால்போல் இருக்கும் இன்சுலினை அநேகர் உள்ளங்கைகளுக்கு நடுவில் மெல்ல உருட்டுகிறீர்கள். மாணவர்களுக்கு அதில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் காட்டுவதுண்டு. குட்டிக்குட்டிக் கோல்களாகப் பளிங்குகள் மிதக்கும். அந்தப் பால் நிறம் முழுவதும் பளிங்கு. மீனின் விந்திலிருந்து எடுத்த புரொட்டமின் என்ற புரதத்தோடு இன்சுலின் சேர்ந்து விளைந்தவை அவை. 1946 இல் டென்மார்க்கில் ஹாகடோனின் ஆய்வுகூடம் கண்ட முறை. தோலின் கீழ் அவை மெதுவாகக் கரைவதால் பல மணித்தியாலம் பயன் கிடைக்கிறது. நாம் அதிகம் பாவிக்கும் 30/70 கலவையில் நூற்றுக்கு 70 இந்தப் பளிங்கு, 30 தெளிந்த இன்சுலின். நன்றாக உருட்டாமல் இழுத்தால் ஒருநாள் பளிங்கு கூடும், ஒருநாள் தெளிவு கூடும். சர்க்கரை ஏன் ஏறி இறங்குகிறது என்று வீட்டார் திகைப்பார்கள். குளிர்சாதனப் பெட்டியின் உறைபனித் தட்டில் வைத்தால் பளிங்குகள் கட்டிபட்டுப் பாழாகும்.

புதிய இன்சுலின்களும் இந்தப் படத்திலிருந்தே பிறந்தவை. பீ சங்கிலியின் 28, 29 ஆம் இடங்களை ஒன்றுக்கொன்று மாற்றினால் சோடி தளர்கிறது, கட்டு விரைவில் அவிழ்கிறது. 1996 இல் வந்த லிஸ்புரோ அது. சாப்பாட்டுக்குச் சற்று முன் போட்டால் போதும். கிளார்ஜின் எதிர்த்திசையில் செய்யப்பட்டது: தோலின் கீழ் படிந்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் சிறுகச்சிறுக விடுபடுகிறது. அவிழும் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமே இந்த மருந்துக்கலை.

தலைப்புக்குச் சற்று வெளியே ஒன்று சொல்ல அனுமதி வேண்டும். சென்னைக்குப் போய்வருவோர் அங்கிருந்து இன்சுலின் வாங்கி வருகிறார்கள். நாம் இங்கே பாவிப்பது மில்லிலீற்றருக்கு 100 அலகு கொண்ட குப்பி. இந்தியாவில் 40 அலகுக் குப்பியும் பரவலாக விற்பனையாகிறது. 40 அலகு மருந்தை நமது 100 அலகு ஊசிக்குழாயில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடலில் சேர்வது 8 அலகுதான். 100 அலகு மருந்தை 40 அலகு ஊசிக்குழாயில் 20 வரை இழுத்தாலோ 50 அலகு போய்விடும், உயிருக்கே ஆபத்து.

6. மனச்சாட்சி பற்றி ஒரு சொல்

இது பன்றியா என்று இன்றும் கேட்கும் முஸ்லிம் சகோதரர்கள் இருக்கிறார்கள். இது மாடா என்று கேட்கும் இந்துக்களும் உண்டு. அந்தக் கேள்வி மதிக்கத்தக்கது, அதற்கு நேரான பதில் சொல்லவேண்டும். 1982 இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. பன்றி இன்சுலினின் 30 ஆம் இடத்து அலனினை நொதியத்தின் துணையோடு திரியோனினாக மாற்றி மனித இன்சுலின் ஆக்கினார்கள். பற்றீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்துச் செய்த இன்சுலினுக்கும் அதே ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிந்திய வழியே நிலைத்தது. இன்று நம் கிளினிக்குகளில் கிடைக்கும் மனித இன்சுலின் பற்றீரியாவிலோ மதுவத்திலோ விளைவது. வேறு வழியில்லாத நிலையில் பன்றி இன்சுலினைப் பாவிக்கவும் மார்க்க அறிஞர்கள் இடமளித்திருக்கிறார்கள். சந்தேகத்தால் ஊசியை நிறுத்தி உயிரை இழக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய பேராசிரியர் செனக்க பிபிலே, மருந்தை வணிகப் பெயரால் அல்லாமல் அதன் சொந்தப் பெயரால் அறியவேண்டும் என்று வலியுறுத்தினார். அவர் சொன்னதை இன்சுலின் குப்பியிலிருந்து தொடங்குங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்த இன்சுலினின் பெயர் என்ன? மில்லிலீற்றருக்கு எத்தனை அலகு? போட்டபின் எவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிடவேண்டும்? பதிலை ஒரு தாளில் எழுதி, குப்பி வைத்திருக்கும் இடத்தில் ஒட்டுங்கள். வீட்டில் உயர்தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள்.